கொடையும் நேரமும்

இங்கிலாந்தின் சஸெக்ஸ் கிராமப்புறத்தில் க்ளைண்ட்போர்ன் என்றொரு மாளிகை. 1934-இல் அங்கே கோடை ஓபரா விழா ஆரம்பமாயிற்று. பாட்டின் நடுவே ஒன்றரை மணி நேரம் இடைவேளை விடுவது அங்கு வழக்கம். வந்தவர்கள் புல்தரையில் அமர்ந்து உண்பார்கள்.

நாஞ்சில் நாட்டிலும் பங்குனி முதல் வைகாசி வரை ஊர்தோறும் கொடை. இங்கும் நீண்ட கதை பாட்டாகிறது. இங்கும் நடுவில் நிறுத்துகிறார்கள். ஆனால் உண்பது தெய்வம். வில்லுப்பாட்டின் சரித்திரம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

கொடைநாள் தோவாளைச் சந்தையில் விடிகிறது. இருள் பிரியுமுன் பிச்சியும் அரளியும் மூட்டைகளாக வண்டியேறுகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்போதும் வீசும் இவ்வூர், பூவுக்கு மட்டுமல்ல, வில்லிசைக்கும் பேர் பெற்றது. தோவாளை சுந்தரம் பிள்ளை இவ்வூர்க் கலைஞர்.

கோவில் முன் வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டி, நாணில் மணிகளைத் தொங்கவிட்டு, வீசுகோலால் அடித்துப் புலவர் பாடுகிறார். உடன் உடுக்கும் தாளமும். சுடலைமாடன் விளக்குச் சுடரில் பிறப்பதைப் பாடிக்கொண்டே அவர் கண் பூசாரியின் மேல் இருக்கிறது. மதியக் கொடைக்குப் படைப்பு தயாராகவில்லை என்றால் ஒரு வர்ணனை நீளும். தயாராகிவிட்டால் பல சம்பவங்கள் இரண்டு வரியில் முடிந்துவிடும். உரிய கட்டத்தில் வரத்துப் பாடுவார். குரவை எழும். கோமரத்தாடி ஆடத் தொடங்கியதும் கதை நின்றுவிடும். அந்த ஆட்டத்துக்காகத்தான் அதுவரை பாடியது.

எழுபதுகளின் இறுதியில் இப்பகுதியில் தங்கி ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988-இல் வெளியான தம் நூலில் இக்கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று பிரித்தார். கைலாசத்தில் பிறந்தவை ஒருவகை. முத்துப்பட்டனைப் போல் மனிதனாய் வாழ்ந்து, வெட்டுப்பட்டுத் தெய்வமானவை இன்னொரு வகை. அகால மரணத்தை ஊர் மறக்கவில்லை என்பதற்கு இரண்டாம் வகையே சாட்சி.

ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லைச் சென்னை மேடைக்குக் கொண்டுபோனார். காந்தி கதையும் வில்லில் ஏறிற்று. சுப்பு ஆறுமுகம் (1928–2022) அதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பழக்கினார். இதனால் இக்கலையை லட்சக்கணக்கானோர் அறிந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் மேடையில் நேரத்தைக் கடிகாரம் தீர்மானித்தது, கேட்பவர் ரசிகரானார், கதை முடிந்தால் கைதட்டல்.

பின்னர் அச்சில் வந்த கதைப்பாடல்களைப் படித்துவிட்டு 'கூறியது கூறல், கட்டுக்கோப்பில்லை' என்று தீர்ப்புச் சொல்கிறோம். படைப்புக்குக் காத்திருந்த நேரமும், ஆடுபவர் முன் கதை வழிவிட்ட கணமும் அச்சில் இல்லை. வடிவம் அங்கேதான் இருந்தது. அந்த இரவில் நாம் விருந்தாளிகள்கூட அல்ல, பக்கத்தில் நின்றவர்கள் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே விமர்சனம் தொடங்க முடியும்.