அழைப்பின்றி நுழையாதவர்கள்

ஸ்ரீபெரும்புதூருக்குத் தலபுராணம் தரும் பெயர் பூதபுரி. கயிலையில் சிவன் ஆடியதைப் பார்த்துச் சிரித்துவிட்ட பூதகணங்கள் சாபம் பெற்று வெளியேற்றப்பட்டன. அவை இங்கு வந்து தவமிருந்தன, ஆதிகேசவப் பெருமாள் அவற்றை மீட்டார், நன்றிக்கடனாக அவை இந்த ஊரைக் கட்டின என்கிறது கதை. ராமானுஜர் அவதரித்த ஊர் என்பதை எல்லோரும் சொல்வார்கள். பிழைக்க இடமில்லாமல் வந்து சேர்ந்த பூதங்கள் கட்டிய ஊர் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. பதினைந்து வருடமாக இந்தப் பக்கம் குடியிருக்கும் எனக்கு இந்த இரண்டாவது கதைதான் நெருக்கமானது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை. ஏரிப்பாசன வயல்கள் சிப்காட் மனைகளாயின. முதலில் தென் மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம். இத்தனை மாநிலத்துக்கும் சேர்த்து நம்மிடம் இருப்பது ஒரே சொல், 'வடக்கன்'. கிழக்கிலிருந்து வந்தவனுக்கும் அதே பெயர்தான். என் தெருவில் மூன்று மாடி கட்டி அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்பவர் ஒருநாள் சொன்னார்: "வாடகை கரெக்டா குடுத்துடறானுங்க சார், ஒரு வம்பு தும்பு கெடையாது. இருந்தாலும் நைட்டுல எங்க போர்ஷன் கேட்டை உள்பக்கமா பூட்டிக்கிறோம். யாரு எவருன்னு நமக்கு இன்னா தெரியும்?"

யார் எவர் என்று தெரியாது. ஐரோப்பாவின் ரத்தக் காட்டேரிக் கதைகளும் ஏறக்குறைய இங்கிருந்துதான் தொடங்கின.

1718இல் செர்பியாவின் வடபகுதி துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியர் கைக்கு மாறியது. புதிய எல்லை, புதிய அதிகாரிகள், இரண்டு பக்கமும் போய்வரும் குடிகள். அந்த எல்லையோரக் கிராமமான மெத்வேஜாவில் அர்னால்ட் பாவ்லே என்பவன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து செத்தான். துருக்கியர் பகுதியில் இருந்தபோது ஒரு காட்டேரி தன்னைத் தொல்லை செய்ததாக அவனே முன்பு சொல்லியிருந்தான். அவனுக்குப் பின் சிலர் சாகவும், ஊரார் கல்லறையைத் தோண்டி அவன் உடலில் மரமுளை அறைந்து எரித்தார்கள். சில வருடம் கழித்து மறுபடியும் சாவுகள். ராணுவ மருத்துவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர் விசாரிக்கப் போனார். 1732இல் அவர் எழுதிய அறிக்கை பத்திரிகைகள் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவியது. வதந்தியை விசாரிக்கப் போன அரசாங்கக் காகிதமே வதந்திக்கு வாகனமானது. 1755இல் மரியா தெரேசா பேரரசி தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆய்வை வைத்து, பிணம் தோண்டும் வழக்கத்தைத் தடை செய்தார். கிராமத்தில் ஓய்ந்த காட்டேரி பிறகு நாவலுக்குள் நுழைந்தது.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல் வந்தது. கோரைப் பற்களை விட்டுவிட்டு அந்த நாவலைப் படித்தால் அது குடியேற்றத்தின் கதை. கிழக்கிலிருந்து ஒருவன் லண்டனுக்கு வர ஆசைப்படுகிறான். ஆங்கிலம் கற்கிறான். ஓரிடத்தில் சோபாவில் படுத்துக்கொண்டு இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணையைப் படிக்கிறான். தன் உச்சரிப்பை வைத்து யாரும் தன்னை அந்நியன் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதே அவன் கவலை. ஐம்பது பெட்டிகளில் சொந்த மண்ணைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறான். பயமுறுத்தும் காட்சிகளை எல்லாம் விட, இந்தத் தயாரிப்புகளைத்தான் நான் ஆச்சரியத்தோடு வாசித்தேன். வேற்று ஊருக்குப் பிழைக்கப் போன எவரும் செய்கிற காரியங்கள் இவை.

அன்றைய லண்டனில் இந்த அச்சத்துக்கு நிஜமான இலக்கு இருந்தது. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் நடந்த கலவரங்களுக்குத் தப்பிய யூதர்கள் கிழக்கு லண்டனில் வந்து நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1888இல் ஒயிட்சேப்பல் பகுதியில் பெண்கள் வரிசையாகக் கொல்லப்பட்டபோது தெருவின் சந்தேகம் உடனே அவர்கள் மேல் விழுந்தது. 1905இல் அந்நியர் சட்டம் வந்து குடியேற்றத்துக்குக் கதவடைத்தது.

நம் ஊர்க் கதையில் பல் கிடையாது. சாக்குப்பை உண்டு. 'பிள்ளை பிடிக்கிறவன் வரான்' என்று சொல்லித்தான் எங்களுக்குச் சோறூட்டினார்கள். பெரிய பாலம் எழுந்தால் தூணுக்கு நரபலி வேண்டும், அதற்குக் குழந்தைகளைத் தூக்குகிறார்கள் என்ற பேச்சும் கூடவே எழும். 2018இல் அது வாட்ஸ்அப்பில் ஏறியது. வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, குழந்தைகளைக் கடத்தி உறுப்புகளை எடுக்கிறது என்று குரல் பதிவுகள் சுற்றின. ரத்தத்துக்குப் பதில் கிட்னி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மே மாதம் 9ஆம் தேதி போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தை ஊரார் மறித்து அடித்தார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார்.

அவர்கள் பேசியது தமிழ். வந்தது தங்கள் சாமியைக் கும்பிட. வடநாட்டான் மேல் ஏவிய பயம் அடித்துக் கொன்றது நம் வீட்டு ஆத்தாளை. அச்சத்துக்கு மொழியடையாளம் பார்க்கத் தெரியாது. அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. மரியா தெரேசாவின் ஆணையைப் போலத்தான் இதுவும். காகிதம் நின்றது, நினைப்பு நிற்கவில்லை.

2023 மார்ச்சில் கதை திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று காணொளிகள் வடக்கே பரவின. வேறு சண்டைகளின் காட்சிகள் அவை என்று டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அதிகாரிகள் குழு இங்கு வந்து விசாரித்துப் போனது. இந்த முறை பாட்னாவின் கைப்பேசிகளில் டிரான்சில்வேனியா நாம்தான். நம்மைப் பற்றி அப்படியொரு கதை வந்தபோது எல்லோருக்கும் கோபம் வந்தது, எனக்கும் வந்தது. இருட்டிய பிறகு கடைக்குப் போகப் பயந்த அந்த அறைப் பையன்களுக்கு வந்தது கோபமில்லை.

'டிராகுலா'வில் நாம் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. அந்த வீட்டைச் சேர்ந்த யாராவது முதலில் அழைக்காமல் காட்டேரியால் உள்ளே நுழைய முடியாது. பிரபுவை லண்டனுக்குள் கொண்டுவந்தது ஓர் ஆங்கில வக்கீல் அலுவலகம். பத்திரம் சரி, பணம் சரி, எல்லாம் முறைப்படி. நாவலின் அந்நியன் பணக்காரன், நிலம் வாங்குகிறவன். நிஜத்தில் அடிபட்டவன் ஒண்டுக்குடித்தனத்தில் கோட் தைத்த ஏழை. பயத்தைப் பிரபுவிடமிருந்து எடுத்துத் தையற்காரன் மேல் வைப்பது எளிது, அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான்.

இங்கேயும் அழைப்பு இருந்தது. முதலீட்டை மாலை போட்டு அழைத்தோம், அதில் தப்பில்லை. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது. ஆனால் அந்தப் பையனையும் அழைத்துத்தான் கொண்டுவந்தோம். குறைந்த கூலிக்கு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு, நிரந்தரம் கேட்காத ஆள் வேண்டும் என்று காண்ட்ராக்டர் கூப்பிட்டுத்தான் அவன் ரயிலேறினான். 'எங்க பசங்க வேலை போச்சு' என்கிற வலி உண்மையானது. அந்த வேலையை நிரந்தரம் இல்லாததாக ஆக்கியது யார் என்ற கேள்விக்கு முகம் கிடையாது. உழைப்பை உறிஞ்சும் மூலதனத்தை 1867இலேயே மார்க்ஸ் ரத்தக் காட்டேரியோடு ஒப்பிட்டார். அவர் சொன்னது ஓர் ஆளைப் பற்றியல்ல, ஓர் ஏற்பாட்டைப் பற்றி. ஏற்பாட்டைக் கல்லால் அடிக்க முடியாது. ஆகவே இந்தி பேசுகிறவனைப் பார்த்து கேட்டைப் பூட்டுகிறோம்.

டிராகுலாவுக்கு நாம் வைத்த பெயர் ரத்தக் காட்டேரி. ஆனால் நம் கிராமங்களில் காட்டேரி ஒரு தெய்வமும்கூட. பயந்தோம், பிறகு படையல் வைத்தோம், பல குடும்பங்களில் குலசாமியாகவே ஆக்கிக்கொண்டோம். 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் கப்பலேறிய கூலிகள் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கயானாவின், டிரினிடாடின் கரும்புக்காட்டு ஊர்களில் அவளுக்கு இன்றும் பூசை உண்டு. டிராகுலாவின் ஐம்பது மண்பெட்டிகளைப் போல, அந்தத் தமிழர்கள் சொந்த மண்ணிலிருந்து எடுத்துப்போனது அவளை. அந்தக் கரையில் இறங்கியபோது, யார் எவர் என்று தெரியாதவர்களாக நின்றது நம் ஆட்கள்தான்.