பழைய காருக்குப் பிரைமர் அடித்தல் (கண்டி)

பெயின்ற் அடிக்குமுன் காரின் தகட்டைக் கறள் நீக்கிப் பதப்படுத்தும் வேலை. இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழிவிட்டது; அக்காலத்தில் பழைய கார்களைப் பேணும் தேவை கூடியது.

ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த கண்டியில் முதல் எதிரி ஈரம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையைத் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரை வேலை செய்வதே நல்லது. காலைப் பனி காய்ந்து தகடு சூடேறிய பின்பே தொடங்க வேண்டும்.

தேய்க்குமுன் மெழுகையும் எண்ணெயையும் கரைப்பானால் துடைக்க வேண்டும். பின்னால் துடைத்தால் அழுக்கு கீறல்களுக்குள் புகுந்திருக்கும். கறளை 80ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் வெறுந்தகடு வரை தேய்த்து, 180, 320 என நுணுக்கலாம். பள்ளங்களை நிரப்பப் பூசும் பட்டி நீரை உறிஞ்சும். அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும்.

வெறுந்தகட்டுக்கு எப்பொக்சி பிரைமரே சிறந்தது. சாதாரண பிரைமர் ஈரத்தைத் தடுக்காது. அதை மட்டும் பூசி மழையில் நிறுத்திய காரில் கறள் அடியிலிருந்தே கிளம்பும். தெளிக்கும்போது மூச்சையும் காக்க வேண்டும்: ஐசோசயனேற்று என்னும் வேதிப்பொருள் கலந்த இருகூறுப் பூச்சு ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகக்கவசம் அதற்குப் போதாது, வீட்டில் அதைத் தெளிக்காமல் விடுவதே மேல்.