மைதானத்துக்கு அடியில்

இரண்டாம் உலக யுத்தம் மூளும் வேளையில், 1939 செப்டம்பர் முதல் தேதி தொடங்கி மூன்றே தினங்களில், பிரிட்டனின் நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 லக்ஷம் பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், சட்டையில் பெயர்ச்சீட்டும் தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டியுமாகக் கிராமங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அஞ்சிய ஜெர்மானியக் குண்டுகள் உடனே விழாமற்போகவே, கிறிஸ்துமஸுக்குள் கணிசமானோர் வீடு திரும்பிவிட, அவர்களுக்குப் பள்ளிகளைத் திறப்பதானால் முதலில் பதுங்கிடம் வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், விளையாட்டு மைதானங்கள் பலவற்றில் கான்கிரீட் பதித்த சுரங்க அறைகள் அமைந்தன.

1940 செப்டம்பர் 7 முதல் லண்டன் மீது 57 இரவுகள் ஏறக்குறைய இடைவிடாமல் குண்டு பொழிந்தது. பகலிலும் சைரன் ஊதினால், கணக்குப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரிசையாக இறங்கி, எதிரெதிர் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, வாத்தியார் எடுத்துக்கொடுக்கும் பாட்டைப் பயம் தெரியாதிருக்க உரக்கப் பாடுவது குழந்தைகளின் நித்திய கர்மமாயிற்று. யுத்தம் ஓய்ந்ததும் வாயில்களை மண்ணால் மூடினார்கள், புல் முளைத்தது.

வடக்கு லண்டனில் எட்ஜ்வேர் ஆரம்பப் பள்ளியின் அத்தகைய பதுங்கிடம் ஒன்றை 2006-இல் கேப்ரியல் மொஷென்ஸ்கா என்னும் ஆராய்ச்சியாளர் அகழ்ந்தார். ராஜாக்களின் கல்லறைகளைத் தோண்டிப் பழகிய சாஸ்திரத்துக்குப் பள்ளிப் பதுங்கிடத்து வாளிக் கக்கூஸ் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்; குழந்தைகளுக்கென்றே கட்டிய சரித்திரச் சின்னம் உலகில் வேறு எத்தனை உண்டு?

அதிலும் ஒரு வேடிக்கை. அன்றைய சிறுவர்களே ஒருவகையில் புதைபொருள் சேகரிப்பவர்கள். விடிந்ததும் தெருவில் கிடக்கும் குண்டுச் சிதறல்களைப் பொறுக்கித் தகர டப்பாவில் சேர்த்து, பள்ளியில் பண்டமாற்றுச் செய்தார்கள். குண்டின் மூக்குப்பகுதி முழுசாக அகப்பட்டவனுக்கு அன்று ராஜயோகம். அவன் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்; இன்று இவ்விதத் தலங்களில் கொத்தனார் கரண்டியும் சல்லடையுமாகக் குந்தியிருக்கும் அவன் பேரன் வயதுப் பிள்ளையோ, துருப்பிடித்த ஓர் ஆணி அகப்பட்டாலும், ஆழத்தை நாடாவால் அளந்து, இடத்தைப் படத்தில் குறித்து, சீட்டெழுதிய பிறகுதான் பைக்குள் போடலாம். (வெடிக்காத குண்டு இல்லையென்று நிச்சயித்துக்கொண்ட பிறகே மண்வெட்டியைத் தொடவேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இப்படி மண்ணை அகற்ற அகற்ற, அக்கம்பக்கத்து முதியவர்கள் வேலியோரம் வந்து நிற்பார்கள். எழுபது வருஷமாய் வாய் திறவாதவர்கூட, ஈரக் கான்கிரீட்டின் வாடை மூக்கில் ஏறியதும் பேசத் தொடங்கிவிடுவார். பிள்ளைகள் ஹிட்லரைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம்; அவர்களுக்குத் தெரியவேண்டியதோ, வாளிக்குத் திரை இருந்ததா என்பதுதான்.