1859-ஆம் ஆண்டு விளம்பரமும் நம்மவர் வருத்தமும்

கருங்கல் வட்டாரம் திருவிதாங்கூர் மன்னரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த நாளில், நம் குலமாதர் தோட்சீலை அணிதல் குற்றமெனக் கொள்ளப்பட்டமை நேயர்கள் அறிந்ததே. 1822-ஆம் ஆண்டில் கல்குளம், இரணியல் பக்கங்களில் இதுபற்றிக் கலகம் மூண்டது. 1829-ஆம் ஆண்டு விளம்பரமோ, கிறிஸ்தவ மாதருக்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்து மேற்சீலையை மறுத்தது.

மீண்டும் கலகம் எழவே, சென்னைக் கவர்னர் டிரெவெலியன் வற்புறுத்தலின்மேல், 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய விளம்பரம் பிறப்பித்தார். இதனை நாம் பெருவெற்றி என்கின்றோம். அதன் வாசகத்தை முழுதும் வாசித்தார் சிலரே. நம் மாதர் குப்பாயம் இடலாம். முக்குவ மாதரைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறெவ்வாறேனும் மார்பை மறைக்கலாம். மேற்குலப் பெண்டிரைப் போல மட்டும் ஆகாது! மானத்தை ஒப்புக்கொண்ட அரசு, துணியின் மடிப்பிலே வேலியிட்டது.

இதைக் கேட்டவுடன் நம்மவருட் சிலர் வருந்துவது அவ்விறுதி விலக்கைக் குறித்தன்று. “முக்குவத்தியோடு நம்மை ஒப்பிட்டனரே” என்பதைக் குறித்தே. யாம் இதனைப் பன்முறை செவியாரக் கேட்டுளோம். அப்பெண்டிரும் உழைத்துண்ணும் எளியோர். மேற்குலத்தார் வகுத்த வரிசையில் நம்மைப் போன்றே கீழே நிறுத்தப்பட்டவர். அவர் உடுத்த துணி நமக்கு எங்ஙனம் இழிவாயிற்று என்பதை வருந்துவோரே விளக்குவாராக.