வெப்பமும் மணமும்

ஒரேகான் மாநிலத்துக் கைலோ வழக்கிலும் புளோரிடாவின் ஜார்டைன்ஸ் வழக்கிலும் அதிகாரிகள் தேடியது ஒன்றுதான்: வீட்டுக்குள் விளக்கொளியில் வளர்க்கப்பட்ட கஞ்சா. முன்னதில் தெருவில் நின்ற வண்டிக்குள்ளிருந்து வெப்பப் படக்கருவி கூரையையும் சுவரையும் நோட்டமிட்டது. பின்னதில் ஃபிராங்கி என்ற மோப்ப நாய் வாசற்கதவின் அடியை முகர்ந்துவிட்டு உட்கார்ந்தது. இரண்டிலும் அப்போது எவரும் உள்ளே நுழையவில்லை. வீட்டிலிருந்து கசிந்த வெப்பமும் மணமுமே துப்பு. அதையும் காட்டித்தான் பிறகு வாரன்ட் பெற்றார்கள்.

வாரன்ட் இல்லாத அந்த முதல் உளவே நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்துக்கு உட்பட்ட சோதனைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இலும் 2013இலும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே: பழமைவாதியாக அறியப்பட்ட நீதிபதி அன்டனின் ஸ்காலியா.

காரணங்களோ வேறு. பொதுமக்களிடம் புழக்கத்தில் இல்லாத கருவியால் வீட்டின் உட்புறத்தை வாரன்ட் இல்லாமல் அறிவது தவறு என்றது கைலோ. கதவைத் தட்டிப் பார்த்துத் திரும்பிப் போகத்தான் வருவோருக்கு இசைவு உண்டு, நாயோடு வந்து துப்பறிய இல்லை என்றது ஜார்டைன்ஸ். நாய் நூற்றாண்டுகளாகப் பழகிய துணை, புதுக் கருவியல்ல என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அடுத்தவர் இடத்தில் கால் வைத்தபின் கருவியின் வயதைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஸ்காலியா அதைத் தள்ளினார்.

வியப்பு இங்கேதான். நவீனக் கருவிக்கு எதிராகக் கட்டிய அரணைக் காலமே அரிக்கிறது. செல்போனில் செருகும் வெப்பக் கேமரா இன்று யாருக்கும் விலைக்குக் கிடைக்கிறது. தொன்மையான நாய்க்கு எதிரான அரணை அப்படிக் காலம் தொடாது. ஆனால் அது வீட்டு மனையின் எல்லையோடு நின்றுவிடும். தனிவீட்டுக்காரருக்கு வாசல் உண்டு. அடுக்ககத்தில் குடியிருப்பவருக்கு எல்லோரும் நடக்கும் நடைவழிதான்.

அதனாலேயே ஜார்டைன்ஸ் வழக்கில் நீதிபதி எலினா கேகன் தனியே எழுதிய இசைவுரையைத் தீர்ப்பைவிட உயர்வாக மதிக்கிறேன். நாயின் மூக்கும் சாமானியரிடம் இல்லாத கருவியே. எனவே கைலோ ஒன்றே போதும் என்றார் அவர். 2016இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இழையைப் பற்றிக்கொண்டு, அடுக்கக நடைவழியில் கதவை முகர்ந்த நாய்க்கும் வாரன்ட் வேண்டும் என்றது.