படம் எடுத்தவர் பெயர் தெரியுமா?

புதுவையின் பழைய வீடுகளிலும் கடைகளிலும் ஸ்ரீ அரவிந்தரின் ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். வெண்தாடியும் தோளில் விழும் நரைமுடியுமாக, பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதுமைக் காலப் படம். சில வீடுகளில் அதன்முன் ஊதுவத்தி எரியும். சில கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே காலண்டரோடு தொங்கும். யார் எடுத்த படம் என்று கேட்டால் பெரும்பாலோர் "ஆசிரமத்துப் படம் சார்" என்பார்கள்.

நான் எத்தா சிவில் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். பிறப்புப் பதிவு ஒன்று எழுதினால் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், சாட்சிகளின் பெயர், எழுதிய அதிகாரியின் கையெழுத்து அத்தனையும் இருக்க வேண்டும்.  அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, எடுத்தவர் பெயர் இல்லாத படத்தைக் கண்டால் எனக்கு உறுத்தும்.

அந்தப் படத்தை எடுத்தவர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1908இல் பாரீசுக்கு அருகே ஷான்த்லூ என்ற ஊரில், நூல் உற்பத்தி செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். முதலில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படம் வரையப் பயின்றார். பிறகு கையில் அடங்கும் லைக்கா காமிரா கிடைத்தது. அதன் பளபளக்கும் உலோகப் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு தெருவில் திரிந்தார். படம் எடுப்பது பிறருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான். பிளாஷ் விளக்கு அவருக்கு ஆகாது. எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டுவதும் ஆகாது. 1932இல் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தண்ணீர்த் தேக்கத்தைத் தாண்டும் படம் ஓர் அரிய விலக்கு. வேலிப் பலகைகளின் இடுக்கில் காமிராவை வைத்து எடுத்ததால், அதை வெட்ட வேண்டி வந்தது.

அவருடைய முதல் கண்காட்சிகளில் ஒன்று 1933இல் நியூயார்க்கில் ஜூலியன் லெவி காலரியில் நடந்தது. போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் தம் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாதவற்றை எறிந்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். லைக்காவை வோழ் மலைப்பகுதிப் பண்ணை ஒன்றில் புதைத்தார். 1940இல் ஜெர்மானியரிடம் கைதியானார். இரண்டு முறை தப்ப முயன்று பிடிபட்டு, மூன்றாம் முறை 1943இல் தப்பினார். புதைத்த காமிராவையும் தோண்டி எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், அவர் போரில் இறந்துவிட்டார் என்று நினைத்து, நினைவுக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு தொடங்கியிருந்தார்கள். மனிதர் உயிரோடுதான் இருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. 1946இல் அவரே முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு பிரதிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கப்பலேறினார். நியூயார்க்கில் ஓர் ஒட்டுப்புத்தகம் வாங்கி அவற்றைத் தாமே ஒட்டினார். அதிலிருந்து தேர்ந்தெடுத்த படங்களோடு 1947 பிப்ரவரியில் கண்காட்சி திறந்தது. தமக்கான நினைவுக் கண்காட்சிக்குத் தாமே படம் பொறுக்கிக் கொடுத்தவர் இவரைத் தவிர வேறு யாரும் இருப்பார்களா, தெரியவில்லை.

அதே ஆண்டு ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோட்ஜர் ஆகியோருடன் சேர்ந்து மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை பத்திரிகைக்குப் படம் எடுத்தால் உரிமை பெரும்பாலும் பத்திரிகைக்கே போகும். எப்படி வெட்டினாலும் என்ன விளக்கம் போட்டாலும் எடுத்தவர் கேட்க முடியாது. நெகட்டிவும் உரிமையும் எடுத்தவருக்கே என்பதுதான் மேக்னத்தின் அடிப்படை. அதாவது அது எடுத்தவன் பெயருக்காக நடந்த போராட்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு இறுதியில் இந்தியா வந்தார். 1948 ஜனவரி 30 பிற்பகலில் பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்து, நியூயார்க் கண்காட்சியின் புத்தகத்தைக் காட்டினார். அதில் பிரெஞ்சுக் கவிஞர் போல் குளோதேல் சவ வண்டி ஒன்றைப் பார்க்கும் படம் உண்டு. காந்தியடிகள் அந்தப் பக்கத்தில் நின்று, இதன் பொருள் என்ன என்று கேட்டுவிட்டு, மரணம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதாகப் பிரெஸ்ஸோன் பின்னாளில் கூறினார். அவர் விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் காந்தியடிகள் சுடப்பட்டார். திரும்பி ஓடி வந்து, இருட்டில் நேரு வாயிலில் நின்று மக்களுக்குச் செய்தி சொல்வதை எடுத்தார்.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு வானில் ஒரு பெரிய ஒளி மெல்ல நகர்ந்து மலையின் பின்னால் மறைவதைக் கண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8:47. மகரிஷி சமாதியடைந்த நேரமும் அதுவே.

அங்கிருந்து நம் ஊருக்கு வந்தார். அப்போது புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நான் கைக்குழந்தை. ஸ்ரீ அரவிந்தர் 1926 முதல் அறையிலேயே தனித்திருந்தவர், ஆண்டுக்குச் சில நாள் மட்டும் தரிசனம் தருவார். பல்லாண்டுகளாக அவரைப் படம் எடுக்க யாருக்கும் அனுமதியில்லை. அன்னையின் சம்மதத்தோடு பிரெஸ்ஸோனுக்குக் கிடைத்தது. ஏப்ரல் 24 தரிசனத்தையும், மறுநாள் அறையில் ஸ்ரீ அரவிந்தரையும் எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார். நம் வீட்டுச் சுவர்களில் இருக்கும் முகம் அப்படி வந்ததுதான்.

1952இல் பிரெஸ்ஸோனின் புகழ்பெற்ற புத்தகம் பாரீசில் வெளியானது. அட்டைப்படம் ஓவியர் மத்தீஸ் செய்தது. பிரெஞ்சுத் தலைப்பு 'இமாழ் அ லா சொவேத்'. நம் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாத வியாபாரி துணியை விரித்துப் பொருளைப் பரப்பியிருப்பான், போலீஸ் தலை தெரிந்ததும் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து ஓட்டம் பிடிப்பான். அந்த அவசர, திருட்டு வியாபாரத்துக்குத்தான் பிரெஞ்சில் அ லா சொவேத் என்று பெயர். ஆங்கிலப் பதிப்பிலோ 'தீர்மானகரமான கணம்' என்று பொருள்படும்படி தலைப்பு வைத்தார்கள். உலகம் முழுதும் அதுவே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அவர் காலத்தை அடக்கிய மேதையாகத் தெரிகிறார். பிரெஞ்சில் மூட்டை கட்டி ஓடத் தயாராய் நிற்கும் நடைபாதை வியாபாரி. அவர் தம்மை எப்படி நினைத்தார் என்பதற்கு இரண்டாவதுதான் கிட்டே வருகிறது என்பது என் எண்ணம்.

1955இல் பாரீசின் லூவ்ர் மாளிகைப் பகுதியிலேயே அவருக்குக் கண்காட்சி நடந்தது. இத்தனை பெருமை வந்தும், 1970களில் காமிராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு இளமையில் விட்ட ஓவியத்துக்கே திரும்பினார். தம்மைப் பிறர் படம் எடுப்பதை விரும்பமாட்டார், தெருவில் முகம் தெரிந்தால் தொழில் கெடும் என்று. 2003இல் பாரீஸ் தேசிய நூலகத்தில் பெரிய கண்காட்சி வைத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, 96 வயது நிறைய மூன்று வாரம் இருக்கையில் காலமானார்.

முகத்தை மறைத்தவர்தானே, பெயர் இல்லாமல் இருப்பதே அவருக்குப் பிடிக்கும் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். எனக்கு ஒப்பவில்லை. மறைத்தது முகத்தைத்தான், வேலையை அல்ல. ஓரம் வெட்டாதே, உரிமையைப் பறிக்காதே என்று வாழ்நாள் முழுதும் நின்றவர். அவர் படத்தை நாம் வட்டமாக வெட்டினோம், வர்ணம் பூசினோம், பெயரையும் விட்டுவிட்டோம். நியூயார்க்கிலும் பாரீசிலும் பெயர்ப்பலகையோடு தொங்கும் படங்களை மக்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இங்கே ஒரு படத்தை மூன்று தலைமுறையாக விடியற்காலையில் விளக்கேற்றிப் பார்க்கிறோம். அவருக்கு இதைவிடப் பெரிய கண்காட்சி வேறெங்கும் கிடைத்திராது.

வீட்டில் அந்தப் படம் இருந்தால், அடுத்த முறை தூசி தட்டக் கழற்றும்போது பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்: ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், புதுச்சேரி, ஏப்ரல் 1950. பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு ஆகும்.