மேட்டு நிலத்து நகரம்

பெங்களூருக்கு ஆறு இல்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்துள்ள இந்நகரின் நடுவே நீரைப் பிரிக்கும் மேடு ஒன்று செல்கின்றது. மேட்டிற்கு மேற்கே பெய்யும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து காவிரியில் கலக்கின்றது. கிழக்கே பெய்வது தென்பெண்ணையிற் சேர்ந்து, கிருஷ்ணகிரியைக் கடந்து, கடலூருக்கு அருகே கடலை அடைகின்றது. எப்பக்கம் ஓடினும் அந்நீர் தமிழ் நிலத்தின் வழியேதான் கடல் சேர வேண்டும்.

ஆறில்லா ஊர் ஏரிகளை நம்பி வாழ்ந்தது. 1537-இல் கெம்பே கௌடர் மண்கோட்டையும் பேட்டையும் அமைத்தபோது உடன் அமைந்தவை ஏரிகளே. அவற்றுள் தர்மாம்புதி இன்று பேருந்து நிலையமாகவும், சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாகவும் மாறிவிட்டன.

நிற்க. "நாமெல்லாம் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு இங்கு வந்தவர்களாமே, உண்மையா?" என்று என் மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து கேட்டாள். விடை சொல்ல நான் அவளை அழைத்துச் சென்றது டொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்கு. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்கின்றது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டோ, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் அளித்த செய்தியைத் தமிழிற் கூறுகின்றது. சோழர் கங்கநாட்டை வென்றது கி.பி. 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். போசளர் அதனை மீட்டது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எனவே 1247-இல் ஆண்டவர் போசளரே. அரசு மாறி நூறாண்டு கடந்தும் கோயிற் கல்லில் தமிழ் நீங்கவில்லை.

ஆயினும், நமக்கு உவப்பான கல்லை மட்டும் படித்துவிட்டுத் திரும்புதல் முறையன்று. பேகூர்க் கோயிலில் ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்லொன்று உள்ளது. பெங்களூர்ப் போர் என இவ்வூரின் பெயரைக் குறிக்கும் அக்கல்லின் மொழி பழங்கன்னடம். ஒரு மன்னன் வெந்த அவரை தின்றதால் ஊருக்குப் பெயர் வந்தது என்னும் கதை இக்கல்லின் முன் நிற்காது. மகளுக்கு இதனையும் காட்டினேன். அவள் முகம் சற்றே வாடியது. பிறகு எழுத்துக்களைத் தடவிப் பார்த்தாள்.

பட்டாளத்தோடு வந்தோர் கதையும் பொய்யன்று. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், 1809-இல் அல்சூர் ஏரிப்பக்கம் ஆங்கிலேயர் படைவீடு அமைத்தனர். சென்னைப் படையின் சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர், கொத்தர், வணிகர் எனத் தமிழர் பெருந்திரளாக வந்தனர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேரவே வருகை மேலும் பெருகிற்று. அட்டாரா கச்சேரியைக் கட்டுவித்த ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய கல்வி நிலையம் இன்றும் உள்ளது.

இப்பகுதியைக் கன்னடத்தில் 'தண்டு' என்பர். 'கன்டோன்மென்ட்' என்னும் சொல்லைத் தமிழாக்கப் பாசறை, படைவீடு என்றெல்லாம் அலுவலகத்தில் நான் தேடித் திரிந்ததுண்டு. தண்டு என்றால் படை என நம் பழந்தமிழ் நூல்களே கூறும். தேடிய சொல் புகைவண்டி நிலையத்துப் பலகையில் கன்னட எழுத்தில் நின்றது!

இவ்வாறு மேற்கே பேட்டை, கிழக்கே தண்டு, இடையே 1870-இல் அமைந்த கப்பன் பூங்கா என ஊர் இரண்டாயிற்று. 1881-இல் மைசூர் அரசு உடையாரிடம் திரும்பியபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947 ஜூலையில்தான் மைசூரிடம் வந்தது. 1949-இல் ஒரே மாநகராட்சி அமைந்தது.

ஏரிகள் போதாமற்போகவே 1894-இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் குடிநீர் வந்தது. 1974 முதல் காவிரி நீரே பல கல் தொலைவிலிருந்து மேடேற்றப்படுகின்றது. அதிற் கிழக்குப் பகுதியார் பயன்படுத்திக் கழித்த நீர், மேட்டின் சரிவிலே இறங்கித் தென்பெண்ணையிற் புகுந்து, ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்க வந்து நிற்கின்றது.